டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரி வயர்: பிரேக்கர் எவ்வளவு, நீளம் எவ்வளவு

டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்சாரம் வரும் பக்கமான பிரைமரியில் பிரேக்கர் இருக்கிறதே, மின்சாரம் வெளியே போகும் பக்கமான செகண்டரியின் வயருக்கும் அதுவே போதும் என்று விட்டுவிடுவதுதான் இந்த வேலையில் பெரிய தவறு. அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பான என்.இ.சி.யில் 450.3 டிரான்ஸ்ஃபார்மரைக் காக்கிறது. வயரைக் காப்பது 240.21(சி). ஒன்றில் தேறினால் மற்றதிலும் தேறியதாக ஆகாது.

75 கே.வி.ஏ. திறன், 480 வோல்ட் டெல்டாவிலிருந்து (முக்கோண இணைப்பு) 208/120 வோல்ட் ஸ்டாருக்கு (நடுப்புள்ளியில் நியூட்ரல் உள்ள இணைப்பு) மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் என்று எடுத்துக்கொள்வோம். முழு லோடில் பிரைமரி 90 ஆம்பியர், செகண்டரி 208. பிரைமரி பிரேக்கர் 125. மூன்று ஃபேஸும் சமமாக இருந்தால் இந்த 125 செகண்டரியில் 288 ஆம்பியருக்குச் சமம். லோடு ஒரே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் விழுந்தால் கணக்கே வேறு. சுற்று விகிதம் 480-க்கு 120, நாலுக்கு ஒன்று. அந்த ஒரு வயரில் 500 ஆம்பியர் ஓடினாலும் பிரைமரி பார்ப்பது 125 மட்டுமே, பிரேக்கர் அசையாது. அதனால்தான் பிரைமரி பிரேக்கரை மட்டும் நம்ப, ஒற்றை ஃபேஸ் இரண்டு வயர் செகண்டரிக்கும் டெல்டா-டெல்டா மூன்று வயருக்கும் மட்டும் விதி இடம் தருகிறது.

மற்ற எல்லாவற்றுக்கும் செகண்டரி பக்கம் பிரேக்கர் வேண்டும். 208-இன் 125 சதவீதம் 260; அடுத்த நிலையான பிரேக்கர் அளவான 300 வரை போட 450.3 இடம் தருகிறது. 250 போடுவதாக இருந்தால் வயர் 250 கே.சி.மில் (வயர் தடிமன் அளவு) செம்பு: விதித்தொகுப்பின் வயர் திறன் அட்டவணையில் 75 டிகிரி பத்தியில் 255 ஆம்பியர். அதைவிட ஒரு அளவு மெல்லிய 4/0 செம்பு 230 தான். சாதாரண ஃபீடரில் (பேனலுக்கு மின்சாரம் கொண்டுபோகும் வயர்) 230-க்கு அடுத்த அளவாக 250 பிரேக்கர் போடலாம்; அந்தச் சலுகை டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரிக்குக் கிடையாது. ஃபீடர் பழக்கத்தில் கை போய்விடும், கவனம். 4/0 தான் கையில் இருக்கிறதென்றால் பிரேக்கரை 225 ஆக்குங்கள்.

அடுத்தது நீளம். 10 அடிக்குள் என்றால் வயர் முடிகிற பிரேக்கரின் ரேட்டிங்குக்குக் குறையாத திறன் வேண்டும், ரேஸ்வேக்குள் (பைப் போன்ற வயர்க் கூடு) போக வேண்டும். பிரைமரி பிரேக்கரின் ரேட்டிங்கை வோல்ட் விகிதத்தால் (இங்கே 480/208) பெருக்கினால் வயர் திறனின் பத்து மடங்கைத் தாண்டக் கூடாது. 25 அடி வரை போக, வயர் ஒரே பிரேக்கரிலோ ஒரே ஃபியூஸ் தொகுப்பிலோ முடிய வேண்டும். பிரைமரி ரேட்டிங்கின் மூன்றில் ஒரு பங்கை விகிதத்தால் பெருக்கி வரும் அளவுக்கு வயர் குறையக் கூடாது. நம் உதாரணத்தில் அது 96 ஆம்பியர், 255 தாராளம். கட்டடத்துக்கு வெளியே ஓடும் வயருக்குத் தனி நிபந்தனைகள், நீள வரம்பு இல்லை.

அளப்பது டிரான்ஸ்ஃபார்மர் முனையிலிருந்து பிரேக்கர் முனை வரை உள்ள வயரை. பைப்பை மட்டும் அளந்து 24 அடி என்று சொன்னால், இரு பெட்டிகளுக்குள்ளும் வளைந்து போகும் வயரே வரம்பைத் தாண்டவைத்துவிடும்.

இவ்வளவு கறார் ஏன்? அந்த வயரில் தரைப்பழுது (வயர் உலோகப் பெட்டியையோ பைப்பையோ தொடுவது) வந்து 1,500 ஆம்பியர் ஓடினாலும் பிரைமரியில் 375 தான். 125 பிரேக்கர் விழப் பல நொடிகள் ஆகலாம். அதுவரை தீப்பொறி நிற்காது.

பேனல் தூரத்தில் இருக்கிறதா? டிரான்ஸ்ஃபார்மர் அருகிலேயே ஃபியூஸ் உள்ள டிஸ்கனெக்ட் (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று வையுங்கள். அதற்கப்பால் அது சாதாரண ஃபீடர். 25 அடி வரம்பு இல்லை, நீளத்தைப் பொறுத்தவரை வோல்டேஜ் டிராப்பை (வயரில் குறையும் வோல்ட்டை) பார்த்தால் போதும்.