பிளாக்ஜாக்கும் நிகழ்தகவும்: கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள அபர்தீன் ராணுவ ஆய்வுத் தளத்தில் பணியாற்றிய பால்ட்வின், கேன்டி, மைசல், மெக்டெர்மாட் ஆகிய நால்வர், மேசைக் கணக்குப் பொறிகளை மட்டுமே துணையாகக் கொண்டு, காசினோவின் சார்பில் ஆடும் டீலரை, 21-ஐத் தாண்டாமல் கூட்டுத்தொகையில் மிஞ்ச முயலும் பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் எந்தக் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைக் கணக்கிட்டு 1956-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டனர். அடுத்த சில ஆண்டுகளில் எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர் ஐபிஎம் 704 கணினியைக் கொண்டு அதே கணக்கை மேலும் நுட்பமாக்கினார். இவற்றிலிருந்து உருவான அடிப்படை உத்தி அட்டவணையைப் பிசகாமல் பின்பற்றுபவருக்கு எதிராகக் காசினோவுக்குக் கிடைக்கும் சாதகம், பந்தயத் தொகையில் ஏறத்தாழ அரை சதவீதம்தான். பயன்படும் கணிதம் பள்ளிப் பாடத்தைத் தாண்டியதன்று. ஆயினும் அந்த அட்டவணையைத் தாமே வருவிக்க முயல்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் வழுக்குகிறார்கள்.

இங்கு வரும் எண்கள், வேறு குறிப்பு இல்லாத இடங்களில், பல கட்டுகளைச் சேர்த்து ஆடும் மேசைக்கு உரியவை. அடுத்த சீட்டு பத்து மதிப்புள்ளதாக, அதாவது பத்து, ஜாக்கி, ராணி, ராஜா ஆகியவற்றுள் ஒன்றாக இருக்க 4/13 வாய்ப்பு என்றும், டீலர் 17 எட்டியதும் நிறுத்திக்கொள்வார் என்றும், ஏஸோ பத்தோ காட்டினால் தம்மிடம் பிளாக்ஜாக் (ஏஸும் பத்து மதிப்புள்ள சீட்டும் சேர்ந்த 21) இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுவார் என்றும் வைத்துக்கொள்கிறோம்.

மிகப் பரவலான தவறு, 21-ஐத் தாண்டிவிடும் வாய்ப்பை மட்டும் பார்த்து முடிவெடுப்பது. கையில் 16 இருக்கிறது. டீலர் பத்தைக் காட்டுகிறார். இன்னொரு சீட்டு வாங்கினால் 13 வகைச் சீட்டுகளில் 8 வகை 21-ஐத் தாண்டவைத்து நம்மைக் கவிழ்த்துவிடும். 62 சதவீத ஆபத்து என்பதால் நிறுத்திக்கொள்வதே மேல் என்று தோன்றும். ஆனால் நிறுத்திக்கொண்டால் என்ன ஆகும் என்ற மறுபக்கக் கணக்கு இன்னும் போடப்படவே இல்லை. பிளாக்ஜாக் இல்லாத டீலர் பத்திலிருந்து தொடங்கி 21-ஐத் தாண்டும் வாய்ப்பு சுமார் 23 சதவீதம்தான் என்பதால், மீதி 77 சதவீதத்தில் நாம் தோற்கிறோம். 100 டாலர் பந்தயத்துக்குச் சராசரி நட்டம் 54.04 டாலர். சீட்டு வாங்கினால் அது 53.98 டாலர். ஆறு சென்ட் வித்தியாசத்துக்காகவா இத்தனை வாதம் என்று கேட்கத் தோன்றும், நியாயமான கேள்விதான். அதே 16-க்கு எதிரே டீலர் 7-ஐக் காட்டினால், கவிழும் ஆபத்து மாறாமல் 62 சதவீதமாகவே இருக்க, நிறுத்திக்கொள்பவர் 47.54 டாலரையும் சீட்டு வாங்குபவர் 41.48 டாலரையும் இழக்கிறார்கள். கவிழ்ந்துவிடக் கூடாது என்பதற்காக 12-இலிருந்தே நிறுத்திக்கொள்பவருக்கு எதிரான காசினோவின் சாதகம் ஏறத்தாழ 4 சதவீதமாக உயர்ந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறாக, டீலரின் விதியையே நாமும் பின்பற்றினால் ஆட்டம் சமமாகிவிடும் என்று வாதிடுபவர்களும் உண்டு. டீலர் ஒரு சுற்றில் கவிழும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம். அவரைப் போலவே ஆடும் நமக்கும் அதே 28. இருவரும் கவிழும் வாய்ப்பு 0.28-இன் வர்க்கம், அதாவது ஏறக்குறைய 8 சதவீதம். அந்த 8 சதவீதத்தில் நாம் முதலில் ஆடிக் கவிழ்ந்திருப்பதால் பணம் ஏற்கெனவே காசினோவிடம் போய்விட்டது. நமது பிளாக்ஜாக்குக்கு 2 டாலருக்கு 3 டாலர் என்ற வீதத்தில் கிடைக்கும் கூடுதல் தொகை இதில் சுமார் 2.3 சதவீதத்தை மீட்டுத்தரும். மீதி ஐந்தரை சதவீதத்துக்குச் சற்று மேல் நட்டமே.

டீலர் முகம் காட்டாமல் மறைத்து வைத்திருக்கும் சீட்டு பத்தாகத்தான் இருக்கும் என்று கொள்வது இன்னொரு குறுக்குவழி. பத்தாக இருக்க 31 சதவீத வாய்ப்பு என்றால், பத்தாக இல்லாதிருக்க 69 சதவீதம். நம்மிடம் 12 இருக்க டீலர் 2-ஐக் காட்டும்போது, அவரிடமும் 12 என்று எண்ணி நிறுத்திக்கொள்பவர் 100 டாலருக்கு 29 டாலரை இழப்பார். சீட்டு வாங்குபவரின் இழப்பு 25 டாலர். டீலர் 4-ஐக் காட்டினால்தான் நிறுத்திக்கொள்வது மயிரிழையில் மேலாகிறது.

நிகழ்தகவையும் கணித எதிர்பார்ப்பையும் (அதாவது பணத்தின் சராசரி ஆதாயத்தையும்) ஒன்றாக்குவது, ஓரளவு கணிதம் அறிந்தவர்களும் செய்யும் பிழை. ஏஸும் 7-உம் சேர்ந்த 18 (ஏஸை 1 என்றோ 11 என்றோ எண்ணலாம்) நம் கையில் இருக்க, டீலர் 6-ஐக் காட்டுகிறார் என்று கொள்வோம். நிறுத்திக்கொண்டால் வெல்லும் வாய்ப்பு 59 சதவீதம். பந்தயத்தை இரட்டித்து ஒரே ஒரு சீட்டு வாங்கினால் அது 56 சதவீதமாகக் குறைகிறது. ஆனாலும் முதல் வழியில் 100 டாலருக்கு 28 டாலர் சராசரி ஆதாயம், இரண்டாம் வழியில் 38 டாலர். குறைவான தடவை வெல்கிறோம், ஆனால் இரு மடங்கு பணத்தை வைத்து வெல்கிறோம். ஆகவே அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒப்பிட வேண்டியது பணத்தின் சராசரியைத்தான்.

இன்சூரன்ஸ் என்ற பெயரே பலரை ஏமாற்றிவிடுகிறது. டீலர் ஏஸைக் காட்டும்போது வைக்கப்படும் அந்தப் பக்கப் பந்தயம், நம் கையைக் காப்பதே இல்லை. மறைந்திருக்கும் சீட்டு பத்து மதிப்புள்ளது என்று, 1 டாலருக்கு 2 டாலர் ஆதாயம் தரும் வீதத்தில் கட்டும் தனிப் பந்தயம் அது. ஒற்றைக் கட்டில் நம்மிடம் இரண்டு ராஜாக்கள் இருந்தால், பார்க்காத 49 சீட்டுகளில் பத்து மதிப்புள்ளவை 14 மட்டுமே. ஆக 28 வரவு, 35 செலவு, கட்டிய தொகையில் ஏழில் ஒரு பங்கு நட்டம். நல்ல கையைத்தான் காக்க வேண்டும் என்று நினைப்பவர், நல்ல கையே அந்தப் பந்தயத்தைக் கெடுக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. நம்மிடம் பிளாக்ஜாக் இருக்கும்போது சமபணம் பெற்றுக்கொள்ளலாம் என்ற அழைப்பும் இதே கணக்குதான்: உறுதியாக 100 டாலர், அல்லது 49-இல் 34 முறை 150 டாலர். பின்னதன் சராசரி 104 டாலர்.

சார்பின்மை குறித்து இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நிகழ்கின்றன. ஐந்து முறை தொடர்ந்து தோற்றதால் ஆறாவது முறை வெல்ல வேண்டும் என்பது ஒன்று. தோல்வியை நினைவில் வைத்துக்கொள்ளும் ஆற்றல் சீட்டுகளுக்கு இல்லை. சுழல்சக்கர ஆட்டமான ரூலட்டைப் போலவே இங்கும் ஒவ்வொரு சுற்றும் முற்றிலும் தனியானது என்பது மற்றொன்று. வெளியேறிய சீட்டு மறுபடி கலைக்கும் வரை திரும்பி வராது என்பதால், மீதிக் கட்டின் தன்மை மாறிக்கொண்டே இருக்கிறது. ஐந்துகள் தீர்ந்த கட்டு ஆட்டக்காரருக்குச் சாதகமானது என்ற தோர்ப்பின் கண்டுபிடிப்பு இதில்தான் பிறந்தது. மேலே கண்ட 16-க்கும் இது பொருந்தும்: பத்தும் ஆறும் சேர்ந்த 16 என்றால் சீட்டு வாங்கலாம்; ஆனால் நான்கோ ஐந்தோ இடம்பெற்ற மூன்று சீட்டு 16 என்றால், நமக்கு உதவியிருக்கக்கூடிய சீட்டு ஏற்கெனவே கையில் செலவாகிவிட்டதால், நிறுத்திக்கொள்வது மேல்.

கணினியில் நிரல் எழுதிப் பார்ப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். சீட்டு வாங்குவதன் மதிப்பை ஒரு சீட்டோடு முடித்துவிடக் கூடாது. 21-இலிருந்து கீழ்நோக்கி வந்து, ஒவ்வொரு தொகைக்கும் சிறந்த முடிவை முதலில் நிலைநாட்டிய பிறகே அதற்குக் கீழுள்ள தொகையைக் கணக்கிட வேண்டும். சுற்றுகளைப் போலியாக ஆடிப் பார்த்துச் சராசரி எடுப்பதானால், ஒரு சுற்றின் திட்டவிலக்கம் (முடிவு சராசரியிலிருந்து ஏறி இறங்கும் அளவு) பந்தயத்தைப் போல சுமார் 1.15 மடங்கு என்பதை மறக்கக் கூடாது: 10,000 சுற்றுகள் ஆடினாலும் சராசரியின் திட்டப்பிழை 1.15 சதவீதம் இருக்கும். தேடுவதோ அரை சதவீத வித்தியாசத்தை. பத்து லட்சம் சுற்றுகளில் அது 0.115 சதவீதமாகக் குறையும். ஆறு சென்ட் வழக்கைத் தீர்க்க அதுவும் போதாது.

கடைசியாக, ஒரு விதிமுறைக்குக் கணக்கிட்ட அட்டவணையை இன்னொரு மேசைக்கு எடுத்துச் செல்வது. டீலர் இரண்டாம் சீட்டைக் கடைசியில்தான் எடுத்து, அது பிளாக்ஜாக்காக அமைந்தால் இரட்டித்த தொகையையும் சேர்த்து வாரிக்கொள்ளும் ஐரோப்பிய முறையில், பத்துக்கு எதிராக 11-ஐ இரட்டிப்பதும் இரண்டு எட்டுகளை இரு தனிக் கைகளாகப் பிரித்து ஆடுவதும் தவறாகிவிடும். பிளாக்ஜாக்குக்கு 2 டாலருக்கு 3 டாலர் தராமல் 5 டாலருக்கு 6 டாலர் மட்டும் தரும் மேசைகள் வேறு வகையில் ஏமாற்றும். அங்கே சீட்டு வாங்குவது, நிறுத்துவது, இரட்டிப்பது பற்றிய அட்டவணையின் முடிவுகள் எதுவும் மாறுவதில்லை. ஆட்டக்காரரின் ஒவ்வொரு முடிவும் சரியாகவே இருக்க, காசினோவின் சாதகம் மட்டும் அரை சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 1.9 சதவீதத்துக்கு ஏறியிருக்கும்.