விறகுக்குச் சிறிய டிரெய்லர்: வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் கேப்பர் மலையின் செம்மண் மேட்டில் முந்திரித் தோப்பு வைத்திருப்போரும், கடற்கரை மணலில் சவுக்கு பயிரிட்டிருப்போரும், வெட்டிய கட்டைகளைத் தோப்பிலிருந்து சாலைக்கும் அங்கிருந்து விறகு மண்டிக்கும் கொண்டுசேர்க்க, மினி டிராக்டரில் பூட்டும் சிறிய டிரெய்லரையே நம்பியிருக்கின்றனர். ஆனால் அதை வாங்கப் பட்டறைக்குச் செல்லும்போது பலரும் முதலில் பார்ப்பது தொட்டியைத்தான். நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, பக்கத் தகடு எவ்வளவு உயரம் என்று நாடா பிடித்து அளந்து, அதிகம் கொள்ளும் தொட்டியே நல்ல டிரெய்லர் என்று முடிவுசெய்துவிடுகின்றனர். விறகைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு தொடக்கத்திலேயே பிழையாகிறது. ஏனெனில், டிரெய்லரை உடைப்பது விறகின் பருமன் அன்று, அதன் எடை.

8 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 48 கன அடி, அதாவது ஏறக்குறைய 1.36 கன மீட்டர். கட்டைகளை ஒழுங்காக அடுக்கினாலும் இடையிடையே வெற்றிடம் இருக்கும் என்பதால், உண்மையான மரம் அதில் அறுபது முதல் அறுபத்தைந்து விழுக்காடுதான். நன்கு உலர்ந்த முந்திரிக் கட்டையாக இருந்தால் அந்தச் சுமை அரை டன்னைத் தாண்டுவது அரிது. அதே தொட்டியில் அன்று வெட்டிய பச்சைச் சவுக்கை அடுக்கினால், சுமை ஏறக்குறைய ஒரு டன்னாகிவிடும். சவுக்கு உலர்ந்த நிலையிலேயே கனமான மரம். பச்சையாக இருக்கும்போது நீரில் மிதக்கத் தயங்கும் அளவுக்கு அடர்த்தியானது. ஆகவே, காய்ந்த விறகை மனத்தில் வைத்துக்கொண்டு டிரெய்லரின் தாங்குதிறனைத் தீர்மானிப்பதே முதல் தவறும் மிகப் பெரிய தவறுமாகும்.

இந்த வட்டாரத்தில் இத்தவறு கூடுதல் விளைவை உண்டாக்குகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டி வரையிலும் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அத்தகைய காலத்தில், மரம் காயட்டும் என்று காத்திருக்க யாராலும் இயலாது. நிலத்தைச் சீர்செய்ய வேண்டியிருப்பதால், ஈரம் வடியாத கட்டைகளையும் மண் ஒட்டிய வேர்க்கட்டைகளையும் சேற்றுப் பாதை வழியே உடனே வெளியேற்றியாக வேண்டும். மரம் மிகக் கனமாகவும் பாதை மிக மோசமாகவும் இருக்கும் அந்த நாளுக்கு ஏற்றபடிதான் டிரெய்லரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அத்துடன், தொட்டியின் நான்கு மூலைகளிலும் கம்பு நட்டு, பக்கத் தகட்டுக்கு மேல் இன்னொரு ஒன்றரை அடி அடுக்குவது நம் ஊர் வழக்கம் என்பதையும் கணக்கில் சேர்த்தால், மேலே சொன்ன ஒரு டன் இரண்டு டன்னாகிவிடும். மிளாறு, அதாவது மெல்லிய கிளைக் குச்சிகள், ஏற்றும்போது இப்படி உயர்த்துவதில் குற்றமில்லை. சவுக்குக் கட்டை ஏற்றும்போது கம்பு நடவே கூடாது.

இழுக்கும் வண்டியை மறந்துவிடுவது அடுத்த தவறு. 15 முதல் 25 குதிரைத்திறன் கொண்ட மினி டிராக்டர்களில் பெரும்பாலானவை ஒரு டன்னுக்கும் குறைவான எடை உடையவை. அவற்றின் பின்னால் டிரெய்லரும் விறகுமாக ஒன்றரை டன் பூட்டினால், சமதரையில் இழுத்துவிடும் என்பது உண்மைதான். இழுப்பதைவிட நிறுத்துவதே கடினம் என்பது இறக்கத்தில்தான் தெரியும். கேப்பர் மலையிலிருந்து கீழிறங்கும்போதோ, கெடிலம் ஆற்றங்கரையின் ஈரமான ஏற்றத்திலிருந்து சரியும்போதோ, டிராக்டரின் பிரேக்கை மிதித்தால் பின்னாலிருக்கும் சுமை நிற்காமல் முன்னோக்கித் தள்ளும். டிராக்டர் பக்கவாட்டில் திரும்பி, டிரெய்லரோடு மடங்கிக் கவிழக்கூடும். சிறிய டிரெய்லர்களைப் பிரேக் இல்லாமலேயே செய்து கொடுக்கும் பழக்கம் பரவலாக உள்ளது. சுமையேற்றிய டிரெய்லர் டிராக்டரைவிடக் கனமாக இருக்கும் என்றால், டிரெய்லர் சக்கரங்களுக்குத் தனிப் பிரேக் இல்லாமல் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. விலையைக் குறைக்க வேண்டுமானால் தொட்டியின் நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம், பிரேக்கைக் குறைக்கலாகாது.

ஒற்றை அச்சு டிரெய்லரில் அச்சு எந்த இடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. தொட்டியின் சரிநடுவில் அச்சு இருந்தால் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் பின்பக்கத்தில் நான்கு கனமான கட்டைகள் கூடுதலாக விழுந்தவுடன் முன்பக்கம் மேலெழும்பி, டிராக்டரின் பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். சாலையில் டிரெய்லர் இடமும் வலமும் அலையத் தொடங்கும். அச்சு நடுவிலிருந்து சற்றே பின்தள்ளி இருந்து, மொத்தச் சுமையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு கொக்கியின் மீது அமர்வதே பாதுகாப்பானது. அதற்கும் மேல் முன்னால் சுமை விழுந்தால் வேறு ஆபத்து: மேட்டில் ஏறும்போது மினி டிராக்டரின் முன்சக்கரங்கள் இலேசாகி, ஸ்டீயரிங் கட்டுப்படாமல் போகும். பட்டறையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். சக்கரங்களுக்கு அடைகல் கொடுத்து, காலி டிரெய்லரைச் சமமாக நிறுத்தி, டிராக்டரோடு பூட்டும் தண்டாகிய முன்கையைத் தூக்கிப் பாருங்கள்; கைக்குத் தெளிவாகக் கனம் தெரிய வேண்டும். முன்கையை ஒருவர் பிடித்திருக்க, மற்றொருவர் தொட்டியின் பின்முனையில் ஏறி நிற்கட்டும். ஒரே ஆளின் எடைக்கு முன்பக்கம் எளிதாக எழுகிறது என்றால், அச்சு வைத்த இடம் தவறு.

கொக்கியின் உயரமும் இதனுடன் சேர்ந்ததே. 40 குதிரைத்திறன் டிராக்டருக்காகச் செய்த பழைய டிரெய்லரை மலிவாக வாங்கி மினி டிராக்டரில் பூட்டினால், அதன் கொக்கி தாழ்வாக இருப்பதால் தொட்டி முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும், சுமையும் அந்தப் பக்கமே நகரும். இணைப்பு முள்ளுக்குப் பதிலாகக் கட்டடக் கம்பித் துண்டையோ கையில் கிடைத்த போல்ட்டையோ செருகிக்கொண்டு போவதைப் பல இடங்களில் காண்கிறோம். இது உயிரோடு விளையாடும் செயல். உரிய தடிமனுள்ள முள், அது துள்ளி வெளியேறாமல் தடுக்கும் பூட்டு, முள் முறிந்தாலும் டிரெய்லரைப் பிடித்துவைக்கும் சங்கிலி ஆகிய மூன்றையும் டிரெய்லரோடு சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும்.

சட்டகத்தைப் பற்றிப் பேசும்போது ‘ஹெவியாகப் போட்டிருக்கிறோம்’ என்ற சொல்லோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. நீளவாட்டில் ஓடும் முதன்மைச் சேனல் (பள்ள வடிவ இரும்புச் சட்டம்) 75 மில்லிமீட்டரா 100 மில்லிமீட்டரா என்று அளந்து பார்க்க வேண்டும். முன்னது ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ, பின்னது ஒன்பதரைக் கிலோ அளவில் இருக்கும். தகட்டிலும் இதே எச்சரிக்கை தேவை. தகட்டின் தடிமனைக் குறிக்கும் கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பதை அறியாமல், 14 கேஜை 10 கேஜைவிட உறுதியானது என்று நம்பி வாங்குவோர் உண்டு. 14 கேஜ் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், 10 கேஜ் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மேலிருந்து எறியப்படும் கட்டையின் முனை 2 மில்லிமீட்டர் தளத்தைச் சில மாதங்களிலேயே குழிகுழியாக்கிவிடும். தளத்துக்கு 3 மில்லிமீட்டர் தகடும், அதன் கீழே ஒன்றரை அடிக்கு மேல் இடைவெளி விடாத குறுக்குச் சட்டங்களும் வேண்டும். 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு இருபத்து மூன்றரைக் கிலோ எடை கொண்டது. ஆகவே சந்தேகம் இருந்தால், முழுத்தொகையைக் கொடுப்பதற்கு முன் காலி டிரெய்லரை எடை மேடையில் ஏற்றிப் பார்த்து, சொன்ன இரும்பு உண்மையில் உள்ளதா என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

டிரெய்லர் பெரும்பாலும் முறியும் இடம், முன்கை சட்டகத்தோடு சேரும் கழுத்துப் பகுதி. ஒற்றைக் குழாயை முன்குறுக்குச் சட்டத்தில் மட்டும் பற்றவைத்து நிறுத்தியிருந்தால், பள்ளத்தில் விழும் ஒவ்வொரு முறையும் முழு அதிர்ச்சியும் அந்த ஒரு பற்றவைப்பின் மீதே இறங்கும். இரு பக்கச் சேனல்களிலிருந்தும் கிளம்பி முன்னால் கூடும் முக்கோண அமைப்பும், மூட்டுகளில் முக்கோண முட்டுத் தகடும் இருக்க வேண்டும். இயன்றால் வண்ணம் பூசுவதற்கு முன்பே சென்று பற்றவைப்பைப் பார்ப்பது நல்லது. தடித்த வண்ணத்தின் கீழ் ஓட்டையும் விரிசலும் தெரியாமல் போகும். பழைய ஜீப்பின் அச்சைப் பயன்படுத்தியிருப்பதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. பேரிங் எளிதில் கிடைக்கிறதா, சக்கரத்தைத் தூக்கி ஆட்டினால் ஆட்டம் உள்ளதா என்பவையே முக்கியம். பட்டை ஸ்பிரிங் இல்லாமல் அச்சை நேராகச் சட்டகத்தில் பற்றவைத்த டிரெய்லர் தோப்புக்குள் மெதுவாக நகர்வதற்குப் போதும், சாலையில் ஓடத் தகாது.

டயரில் புதுத்தோற்றத்தை நம்பக் கூடாது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும்; 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். சுமைக் குறியீடு 88 என்றால் அந்த டயர் 560 கிலோ தாங்கும், 100 என்றால் 800 கிலோ தாங்கும். கடற்கரை மணலில் ஓடுவதற்கு அகலமான டயரே பொருந்தும். ஒடுங்கிய டயர் மணலைக் கிழித்துக்கொண்டு அச்சுவரை புதையும்.

கடலோரத்தில் உப்புக்காற்றுதான் பெரிய பகை. மரப்பட்டையும் சிராயும் தொட்டியின் மூலைகளில் தங்கி ஈரத்தைப் பிடித்துவைப்பதால், தளத்தில் வடிகால் துளைகள் இல்லாத டிரெய்லர் அங்கிருந்தே அரிக்கத் தொடங்கும். வாய் அடைக்காத பெட்டிக் குழாய்களுக்குள் புகும் உப்பு ஈரம் வெளியே தெரியாமலே இரும்பைத் தின்றுவிடும் என்பதால், சுத்தம் செய்து பூச வசதியான திறந்த சேனலே இங்கு ஏற்றது. ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு அடிப்பாகத்திலும் முழுமையாக ஏறியிருக்க வேண்டும்.

ஆவணங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பதும் தவறே. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் வாகனம் என்னும் வரையறையிலேயே டிரெய்லரையும் சேர்த்திருக்கிறது. ஆகவே டிராக்டருக்குப் பதிவு இருந்தால் போதும் என்று கருத முடியாது. பதிவுக்கு உரிய ஆவணங்களைக் கொடுக்க இயலுமா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பட்டறைக்காரரிடம் கேட்டுவிட வேண்டும். டிராக்டரின் காப்பீட்டில் டிரெய்லரும் குறிக்கப்பட்டுள்ளதா என்றும் பார்க்க வேண்டும். முள்ளோடை வழியாகப் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் மாறிமாறிச் செல்வோர் இரு அரசுகளின் எல்லைக்குள்ளும் ஓட்டுகின்றனர் என்பதால், இதில் இன்னும் கவனம் தேவை. பின்பக்கச் சிவப்பு விளக்கும் ஒளிதிருப்பிப் பட்டையும், நீண்டு நிற்கும் கட்டைகள் மறைக்காத இடத்தில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.