பில்லில் பத்து வீதம் இருக்கிறதா? ஊருக்குப் போகிறவர்களுக்கு டிப்ஸ் பற்றி

ஒரே குடும்பம்தான். ஆனால் பெரியப்பா கனடாவிலிருந்து வந்திருப்பார், சித்தி சுவிஸிலிருந்து, மச்சான் லண்டனிலிருந்து. கொழும்பு வெள்ளவத்தையில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டு முடித்துப் பில் வந்ததும் மேசையில் வாக்குவாதம் தொடங்கிவிடும். கனடாக்காரருக்கு 15 வீதத்துக்குக் குறைய வைத்தால் மனம் கேட்காது. சுவிஸில் 1974 முதலே சேவைக் கட்டணம் சாப்பாட்டு விலைக்குள் அடங்கிவிட்டதால், சித்திக்கு இரண்டு பிராங்க் கூட வைப்பதே தாராளம். லண்டனில் 12.5 வீதம் பில்லோடு சேர்ந்தே வருவதால் மச்சான் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. மூன்று பேருடைய பழக்கமும் இலங்கைக்கு அப்படியே பொருந்தாது.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது பில்லின் அடிப்பகுதியை. கொழும்பிலும், யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு போன்ற ஊர்களின் பெரிய ஹோட்டல்களிலும், ஏசி போட்ட நடுத்தர உணவகங்கள் பலவற்றிலும் 10 வீதம் சேவைக் கட்டணம் பில்லிலேயே சேர்ந்திருக்கும். அதற்கு மேல் வற் (VAT) எனப்படும் பெறுமதி சேர் வரி 18 வீதம். 2023 கடைசி வரை அது 15 வீதமாக இருந்தது, ஆகவே சில வருடங்களுக்குப் பிறகு போகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், இவை இன்னும் சேர்க்கப்படவில்லை என்று அர்த்தம். 8,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் சேவைக் கட்டணம் 800, அதோடு 8,800. அந்த 8,800க்கு வற் 1,584. கடைசியில் கட்டுவது 10,384 ரூபாய். சில இடங்களில் 2.5 வீதம் சமூகப் பாதுகாப்பு வரியும் தனியாகப் போட்டிருப்பார்கள்.

இரண்டாயிரத்துக்கு மேல் கூடிவிட்டதைப் பார்த்து, “இவ்வளவு எடுத்துவிட்டார்கள், இனி எதற்கு டிப்ஸ்” என்று சிலர் எழுந்துவிடுவது உண்டு. அதில் ஊழியர்களின் பெயரால் எடுத்தது 800 மட்டும்தான், மிச்சம் அரசாங்கத்துக்குப் போகிறது. அந்த 800ம் உங்களுக்குப் பரிமாறிய தம்பியின் கைக்கு நேரே போவதில்லை. பெரிய ஹோட்டல்களில் அதை ஒன்றாகச் சேர்த்து, சமையல்காரர், பாத்திரம் கழுவுபவர், அறை துப்புரவு செய்பவர் என எல்லோருக்கும் மாத முடிவில் பிரித்துக் கொடுப்பது வழக்கம். அது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். உள்ளே வெக்கையில் நிற்பவரை நாம் காண்பதே இல்லை, அவருக்கும் ஒரு பங்கு போகிறது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும் கொரோனாக் காலத்திலும் ஹோட்டல்கள் வெறிச்சோடியபோது, இந்தப் பங்கு இல்லாமல் போனதே ஊழியர்களை மிகவும் வருத்தியது.

ஆக, பில்லில் சேவைக் கட்டணம் இருந்தால் நீங்கள் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று. கவனிப்பு மனதுக்குப் பிடித்திருந்தால் 300, 500 ரூபாய் என்று பரிமாறியவரின் கையில் வைக்கலாம். சிறிய உணவகத்தில் அந்தப் பத்து வீதம் உண்மையில் ஊழியரிடம் போகிறதா என்று சந்தேகமாக இருந்தால், முதலாளி பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, “தம்பி, இந்தக் காசு உங்களுக்கு வருமா?” என்று மெல்லக் கேளுங்கள். அவர் தயங்கினால் அதுவே பதில்.

யாழ்ப்பாணத்தின் சைவக் கடைகளிலும், பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள சாப்பாட்டுக் கடைகளிலும் நிலைமை வேறு. அங்கே சேவைக் கட்டணமும் இல்லை, பெரும்பாலும் வற்றும் இல்லை. வடை, ரோல்ஸ் எல்லாம் ஒரு தட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். எடுத்ததற்கு மட்டும்தான் காசு, தட்டில் உள்ள எல்லாவற்றையும் முடிக்க வேண்டியதில்லை. பரிமாறியவர் துண்டுக் கடதாசியில் தொகையை எழுதித் தருவார், வாசலில் இருப்பவரிடம் காசைக் கட்டிவிட்டு வெளியேற வேண்டியதுதான். மிச்சக் காசை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் அது முதலாளியின் லாச்சிக்குள் போய்விடக்கூடும். பரிமாறியவருக்கு என்று நினைத்தால், கட்டப் போவதற்கு முன்பே அவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

எவ்வளவு? தேநீரும் வடையும் என்றால் ஒன்றும் வேண்டாம், சில்லறையை விட்டாலே போதும். ஆயிரம் ரூபாய்க்குள் மதியச் சாப்பாடு என்றால் 50 அல்லது 100. குடும்பமாகப் போய் நாலாயிரம், ஐயாயிரம் வந்தால் 300 முதல் 500 வரை. இது வீதக் கணக்கில் பத்துக்குள் வரும், அதற்கு மேல் போகத் தேவையில்லை. ஒரு அமெரிக்க டொலர் சுமார் 300 ரூபாய் என்பதால் 500 ரூபாய் நமக்குச் சிறிய தொகையாகத் தோன்றும். ஆனால் 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய், நாளுக்கு 1,200 ரூபாய். இந்தக் கடைகளில் நிற்கும் பொடியன்களில் பலர் மலையகத்திலிருந்து வந்து, கடையோடு தங்கி, சம்பளத்தை வீட்டுக்கு அனுப்புகிறவர்கள். அவர்களுக்கு 500 என்பது அரைநாள் உழைப்புக்குச் சற்றுத்தான் குறைவு.

அப்படியென்றால் 5,000 கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். ஓகஸ்ட் மாதத்தில், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கடைகளில் இதைக் காணலாம். ஒருவர் எல்லோரும் பார்க்க ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டுவார். அடுத்த மேசையில் உள்ளூர் ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளோடு ஓடர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். அந்தக் கணத்திலிருந்து கடையில் எல்லோருடைய கண்ணும் வெளிநாட்டு மேசையில்தான், அவருடைய மேசைக்குச் சாம்பார் வரப் பத்து நிமிடம் ஆகும். பொடியன் மேல் பிழை இல்லை, நாம்தான் அப்படிப் பழக்கிவிடுகிறோம். வருடம் முழுவதும் அந்தக் கடைக்கு வந்து அதை வாழவைப்பவர் அந்த ஆசிரியர்தான். கொடுப்பதை அளவாக, மற்றவர்கள் கவனிக்காதபடி, தாளை மடித்துக் கொடுங்கள். வாங்க மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். கிராமத்துக் கடைகளில், “வேண்டாம் அண்ணை, நீங்கள் எங்கட ஆக்கள்” என்று திருப்பித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நன்றி சொல்லி, மறுநாளும் அங்கேயே சாப்பிடப் போங்கள்.

இன்னொன்று, வெளிநாட்டுச் சில்லறையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். இரண்டு யூரோக் குற்றியோ இரண்டு டொலர்க் குற்றியோ அங்கே எந்த வங்கியிலும் மாற்ற முடியாது, நாணய மாற்றுக் கடையிலும் எடுக்கமாட்டார்கள். பெறுபவர் அதை அலுமாரிக்குள் வைத்திருக்கத்தான் முடியும். ஐந்து யூரோத் தாளை மாற்றலாம், ஆனால் ஒருநாள் லீவு எடுத்து வங்கிக்குப் போவதற்கு அந்தப் பொடியனுக்கு ஏது நேரம்? ரூபாயில்தான் கொடுக்க வேண்டும். ஏரிஎம் இயந்திரம் ஐயாயிரம் ரூபாய்த் தாள்களாகத் தள்ளும். முதல் நாளே கார்கில்ஸ் போன்ற சூப்பர்மார்க்கெட்டில் எதையாவது வாங்கி 100, 500 தாள்களாக மாற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பில்லைக் கார்டில் கட்டினாலும் டிப்ஸை மட்டும் தாளாகக் கொடுங்கள்.

வடக்கில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களில் டிப்ஸ் பேச்சே இல்லை. நாமே போய் வாங்கி, நாமே எடுத்துவந்து சாப்பிடுகிறோம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள அம்மாச்சியில் தோசையோ ஒடியற்கூழோ கிடைத்தால், இன்னொரு பொதி வீட்டுக்கும் வாங்குங்கள். அந்த அக்காமாருக்கு டிப்ஸைவிட வியாபாரம்தான் உதவும்.

வான் பிடித்துப் போகிறவர்கள் ஓட்டுநரை மறந்துவிடக் கூடாது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போக ஏழெட்டு மணித்தியாலம் ஆகும். வழியில் நிறுத்திச் சாப்பிடும்போது அவரையும் கூப்பிட்டு உங்கள் மேசையிலேயே இருத்துங்கள். தனியாகச் சாப்பிடவே விருப்பம் என்றால் விட்டுவிட்டு, அவருடைய பில்லை நீங்கள் கட்டுங்கள். இது டிப்ஸ் கணக்கில் சேராது. பயண முடிவில் கொடுப்பது வேறு.

கல்யாணச் சேலை எடுக்கச் சென்னைக்கும் ஒரு நடை போய் வருவீர்கள் என்றால், அங்கே கணக்கு மாறும். சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 வீதம், அது வரி. சேவைக் கட்டணத்தை உணவகம் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அறிவித்தது, 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம், மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. எடுக்கச் சொன்ன பிறகு பரிமாறியவருக்குக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். தி. நகர்ச் சைவ ஹோட்டலில் ஒரு குடும்பச் சாப்பாட்டுக்கு 50 இந்திய ரூபாய் தாராளம். நின்றபடி சாப்பிடும் இடமென்றால் மேசை துடைக்கும் அம்மாவுக்கு 10, 20 ரூபாய். ஊரே கைபேசியில் பணம் கட்டினாலும், இதற்காக மட்டும் சில்லறைத் தாள்களைக் கையில் வைத்திருங்கள்.