பிளாக் கோபாலிமரில் ஹோமோபாலிமர் கலக்கும் முன்: சங்கிலி நீளத்தைப் பாருங்கள்

பாளையங்கோட்டை, அபிஷேகப்பட்டி பக்கம் எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்வோருக்கு ஒரு குறிப்பு. பாலிஸ்டைரீன்-பாலிஐசோபிரீன் டைபிளாக்கில் (இரு வேறு பாலிமர் சங்கிலிகள் முனையோடு முனை இணைந்த பிளாக் கோபாலிமர்; இரு பகுதிகளும் ஒன்றோடொன்று கலக்காமல் நுண்ணிய அடுக்குகளாகவோ உருளைகளாகவோ ஒழுங்குபடும்) ஹோமோபாலிமராக, அதாவது ஒரே வகை அலகாலான தனிச் சங்கிலியாக, பாலிஸ்டைரீன் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். எவ்வளவு சேர்க்கிறோம் என்பதைவிட, எந்த மூலக்கூறு எடையில் சேர்க்கிறோம் என்பதே முக்கியம்.

சேர்ப்பது டைபிளாக்கின் பாலிஸ்டைரீன் பகுதியைவிடக் குட்டையென்றால் அதன் இழைகளுக்குள் புகுந்து பரவும். ஏறக்குறைய சமமென்றால் அடுக்கின் நடுவில் ஒதுங்கும். நீளமென்றால் தனியே பிரிந்துவிடும். சமவிகித டைபிளாக்கில் மிகக் குட்டையானது ஒழுங்கு குலையும் வெப்பநிலையை இறக்கும், அதைவிட நீளமானது ஏற்றும்.

கணக்கை எடையில் நிறுத்தாதீர்கள். எடையில் பாதிக்குப் பாதியான 1 கிராம் டைபிளாக்கில் 0.2 கிராம் பாலிஸ்டைரீன் சேர்த்தால் எடையில் 58%; கன அளவிலோ சுமார் 55%தான், ஐசோபிரீன் பகுதி லேசானது. அடுக்கா உருளையா என்பதைத் தீர்மானிப்பதில் கன அளவுக்கே பங்கு.

டொலுவீனில் கரைத்து, ஆக்சிஜனேற்றத் தடுப்பானாகக் கொஞ்சம் BHT (பியூட்டிலேற்றிய ஹைட்ராக்சிடொலுவீன்) போடுங்கள். சித்திரை வெயிலில் டொலுவீன் சட்டென்று பறந்துவிடும். தட்டை மூடி, சிறு துளை மட்டும் விட்டு, நாள்கணக்கில் உலர விடுங்கள். பிறகு வெற்றிடத்தில் 120 டிகிரி.

ஐப்பசி மழையில் படலம் வெளுத்தால் உடனே பயம் வேண்டாம், அது காற்றின் ஈரமாக இருக்கலாம். அந்த வெளுப்பு பெரும்பாலும் சூட்டில் தெளியும். தெளியாவிட்டால் ஹோமோபாலிமர் பிரிந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

ஒழுங்கு குலையும் வெப்பநிலையை டி.எஸ்.சி.யில் (சூடாக்கும்போது பொருள் ஏற்கும் வெப்பத்தை அளக்கும் கருவி) தேடி அலையாதீர்கள், அங்கே வெப்ப மாறுபாடு மிகச் சிறியது. ரியோமீட்டரில் (பொருளின் பாகுத்தன்மை, மீள்தன்மையை அளக்கும் கருவி) குறைந்த அதிர்வெண்ணில், நிமிடத்துக்கு 1 டிகிரி ஏற்றினால் மீள்குணகம் சடாரென விழும் இடம் தெரியும்.