ஹீட் பம்ப்புடன் தரையடி வெப்பமூட்டல்: அறைவாரியாகச் சமன்செய்யும் முறை

வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்து நீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப்பால் தரையை வெப்பமூட்டும் வீட்டில் ஓர் அறை புழுங்கி, அடுத்த அறை குளிர்ந்து கிடந்தால், முதலில் பார்க்க வேண்டியது நீரைப் பங்கிட்டு அனுப்பும் மேனிஃபோல்டிலிருந்து, தரைக்கடியில் ஓடித் திரும்பும் ஒவ்வொரு குழாய்ச் சுற்றுக்கும் நீர் எந்த அளவில் பிரிகிறது என்பதைத்தான். குட்டையான சுற்றில் தடை குறைவு என்பதால் நீர் அந்த வழியாகவே அதிகம் ஓடிவிடுகிறது. கடைக்கோடி அறையின் 100 மீட்டர் குழாய்க்கு மிச்சமே போய்ச் சேருகிறது. குளிரும் அறைக்காக ஹீட் பம்ப்பின் நீர் வெப்பநிலையை ஏற்றினால் புழுங்கும் அறை மேலும் புழுங்கும். ஏற்றும் ஒவ்வொரு டிகிரிக்கும் மின்செலவும் ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு கூடும். அறைகளுக்கிடையிலான வேறுபாட்டை நீரோட்டத்தாலும், வீடு முழுவதற்குமான குறையை நீர் வெப்பநிலையாலும் சரிசெய்ய வேண்டும். இவ்விரண்டையும் ஒரே நாளில் திருகுபவர் எதனால் என்ன நடந்தது என்று ஒருபோதும் அறிய முடியாது.

வேலையை வெயிலற்ற, சீரான குளிர் நிலவும் நாட்களில் தொடங்குவது நல்லது. வடிகட்டியைத் தூய்மை செய்து, சுற்றுகளை ஒவ்வொன்றாகத் திறந்து காற்றை வெளியேற்றிவிட வேண்டும்; காற்று அடைத்த சுற்றை எவ்வளவு திருகினாலும் பயன் இராது. பிறகு எல்லா அறைத் தெர்மோஸ்டாட்டுகளையும் உச்சத்தில் வைக்க வேண்டும், அல்லது அவற்றின் கட்டளைப்படி வால்வை மூடித் திறக்கும் ஆக்சுவேட்டர்களைக் கழற்றிவிட வேண்டும். அவை இடையிடையே வால்வை மூடிக்கொண்டிருந்தால் நாம் அளப்பது நீரோட்டத்தின் விளைவாக இருக்காது. மேனிஃபோல்டில் நீர் கலக்கும் வால்வு இருந்தால், அது ஹீட் பம்ப் அனுப்பும் வெதுவெதுப்பான நீரை மேலும் தணிக்காதபடி முழுவதும் திறந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தொடக்க அளவைக் கணக்கிட்டே பெறலாம். சுற்றுக்குள் போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 5 டிகிரி வேறுபாடு என்று கொண்டால், நிமிடத்துக்கு 1 லிட்டர் நீர் ஏறத்தாழ 350 வாட் வெப்பத்தை இறக்கும். கடுங்குளிரில் 600 வாட் தேவைப்படும் படுக்கையறைக்கு நிமிடத்துக்கு 1.7 லிட்டர் போதும். 1,500 வாட் வேண்டிய கூடத்துக்கு 4.3 லிட்டரை இரண்டு சுற்றுகளாகப் பிரித்துத் தர வேண்டும். வெப்ப இழப்புக் கணக்கு கையில் இல்லாவிட்டால் குழாயின் நீளத்துக்கேற்ற விகிதத்தில் நீரைப் பிரித்துத் தொடங்கலாம்: 15 சென்டிமீட்டர் இடைவெளியில் பதித்த 12 சதுர மீட்டர் அறையில் சுமார் 80 மீட்டர் குழாய் இருக்கும், மேனிஃபோல்டு வரையிலான நீளம் தனி. சுற்றுகளின் நீரோட்டத்தைக் காட்டும் ஃப்ளோ மீட்டர்கள் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் நிறுத்திவிட்டுப் போவது பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். அறைகளின் தேவை ஒன்றாக இல்லாதபோது அந்த ஒழுங்கால் ஒரு நன்மையும் இல்லை.

அடுத்தது வெப்பமானிகள். மலிவான வெப்பமானிகள் ஒன்றுக்கொன்று ஒரு டிகிரிவரை முரண்படக்கூடும். அவற்றை ஓர் இரவு முழுதும் ஒரே மேசைமீது அருகருகே வைத்து, எது எவ்வளவு பிசகுகிறது என்று ஒட்டுத்தாளில் எழுதி அதன் முதுகிலேயே ஒட்டிய பின், வெளிச்சுவரும் வெயிலும் படாத இடத்தில் அறைக்கு ஒன்றாக வைக்கலாம். அளவை விடியலுக்கு முன் எடுப்பதே நம்பகமானது. அப்போது சூரிய ஒளியும் சமையல் வெப்பமும் கணக்கைக் குழப்புவதில்லை.

மிகவும் குளிர்ந்திருக்கும் அறையின் சுற்றை முழுவதும் திறந்து வைத்து, மற்றவற்றை மட்டுமே குறைக்க வேண்டும். மூடும் ஒவ்வொரு வால்வும் ஏனைய சுற்றுகளின் நீரோட்டத்தைச் சற்று உயர்த்தும் என்பதால், ஒரு முறை திருகிய பின் எல்லா மீட்டர்களையும் மறுபடி வாசித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இங்கே பலரும் ஏமாறுவது ஒன்றுண்டு: நீரோட்டத்தைப் பாதியாக்கினால் வெப்பம் பாதியாகாது. 35 டிகிரியில் புகுந்து 30 டிகிரியில் திரும்பிய நீர், ஓட்டம் பாதியானதும் குழாயில் அதிக நேரம் தங்கி 27 டிகிரியை ஒட்டித் திரும்பும். 20 டிகிரி அறைக்குள் இறங்கும் வெப்பம் ஆறில் ஒரு பங்குதான் குறையும். வெப்பத்தைப் பாதியாக்க வேண்டுமானால் நீரோட்டம் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு இறங்க வேண்டும். ஆகவே 2 லிட்டரை 1.8 ஆக்கிவிட்டு மாற்றம் தெரியவில்லையே என்று வியப்பதில் பொருளில்லை. புழுங்கும் அறையில் துணிந்து குறைக்கலாம். குழாயை மூடிய கான்கிரீட் பூச்சு மெதுவாகவே ஆறும் என்பதால், அடுத்த திருகலுக்கு முன் ஒரு முழு நாளாவது காத்திருக்க வேண்டும்.

எல்லா அறைகளும் தத்தம் இலக்குக்கு அரை டிகிரிக்குள் வந்துவிட்டால் மேனிஃபோல்டைத் தொட வேண்டியதில்லை. படுக்கையறையைப் பக்கத்து அறையைவிட நான்கைந்து டிகிரி குளிராக வைக்க முயல்வது வீண். உட்சுவர்கள் வெப்பத்தைக் கடத்திவிடும். குளியலறையில் இடர் வேறு: குழாய் பதிக்கக் காலித் தரை சிறிது, தேவையோ பெரிது, தரையின் மேற்பரப்பும் அங்கே 33 டிகிரிக்கு மேல் போகலாகாது. மற்ற வாழுமிடங்களில் அவ்வரம்பு 29. நீரோட்டத்தை முழுவதும் திறந்தும் குளியலறை குளிர்ந்தால், அங்கு ஒரு சிறு மின்சூடேற்றியை வைப்பதே சிக்கனம். அந்த ஓர் அறைக்காக வீடு முழுவதன் நீரையும் சூடாக்குவது கட்டுப்படியாகாது.

இனி, வெளிவெப்பநிலைக்கேற்ப நீரின் சூட்டை மாற்ற ஹீட் பம்ப்பில் அமைத்திருக்கும் வளைகோடு. வீடு எப்போதுமே மிகுசூடாக இருந்தால் கோட்டை அப்படியே கீழிறக்க வேண்டும். மிதமான நாளில் சரியாக இருந்து கடுங்குளிரில் மட்டும் குளிர்ந்தால் அதன் சரிவைக் கூட்ட வேண்டும். ஒரு முறைக்கு ஒரு டிகிரி போதும்.

தெர்மோஸ்டாட்டுகளை மீண்டும் இணைப்பதானால், வெயில் நேரே விழும் அறைகளுக்கு மட்டும் இணைத்து, இலக்கைவிட ஒன்றிரண்டு டிகிரி உயர்வாக வைக்கலாம். பல அறைகள் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டால் ஹீட் பம்ப்புக்கு வேண்டிய குறைந்தபட்ச நீரோட்டம் கிடைக்காது. அது அடிக்கடி நின்று நின்று ஓடும், வெளியலகில் படியும் உறைபனியை உருக்கப் போதிய வெதுவெதுப்பான நீரும் இராது. இறுதி எண்களை மேனிஃபோல்டு பெட்டிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள். பின்னாளில் ஓர் அறையில் தடித்த கம்பளம் விரித்தாலோ மரத்தரை போட்டாலோ, அந்த அறையின் சுற்றை மட்டும் இதே முறையில் மறுபடி பார்த்து, அதனால் மற்ற மீட்டர்களில் நேர்ந்த மாற்றத்தையும் சரிசெய்தால் போதும்.