பழைய எஞ்சினை டியூன் செய்பவர்கள் கிராங்க் ஷாஃப்ட்டில் செய்யும் தவறுகள்

என் மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு பாரம் வைத்திருக்கிறேன். மதராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் 948 சிசி எஞ்சினிலிருந்து வந்தது. பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முன்பாதி. பின்பாதி பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. முறிந்த முகத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால், ஓர் ஓரத்திலிருந்து விசிறிபோல் பரவும் மெல்லிய வளைகோடுகள் தெரியும், ஈர மணலில் அலை பின்வாங்கிய தடங்களைப்போல. அந்தப் பகுதி முழுவதும் வழவழப்பு. கடைசிக் கால்பங்கு மட்டும் கற்கண்டை உடைத்ததுபோல் சொரசொரப்பாக இருக்கிறது. முக்கால் பங்கு விரிசல் நாள்கணக்கில் மெல்ல நடந்து வந்தது. மிச்சம் ஒரே நொடியில் போனது. கோடுகளெல்லாம் புறப்படும் இடம், இரண்டாம் பிக் எண்டு ஜர்னல் (பிஸ்டனிலிருந்து வரும் கனெக்டிங் ராடு பூட்டும் உருளைப் பகுதி) கன்னத்தோடு (அதைத் தாங்கும் பக்கச் சுவர்) சேரும் மூலை. இரண்டு மாதத்துக்கு முன்புதான் கிரைண்டிங் செய்து வாங்கிய ஜர்னல் அது.

பவரைக் கூட்ட சிலிண்டர் ஹெட்டைச் சீவி, இரட்டைக் கார்புரேட்டர் பொருத்திய பிறகு முறிந்ததால், "பவர் தாங்கவில்லை" என்றார்கள் நண்பர்கள். நானும் சில காலம் அப்படித்தான் நம்பினேன். பழைய எஞ்சினை டியூன் செய்யும் யாரும் முதலில் கேட்பது, "இந்தக் கிராங்க் எத்தனை குதிரைசக்தி தாங்கும்?" என்பதுதான். முதல் தவறே இந்தக் கேள்வி. குதிரைசக்தியால் முறிந்த கிராங்குகளைவிட, சுழற்சி வேகத்தாலும் கிரைண்டிங் பட்டறையில் நடந்த அலட்சியத்தாலும் முறிந்தவையே அதிகம் என்பது என் எண்ணம்.

பட்டறையிலிருந்தே தொடங்குகிறேன். ஜர்னலும் கன்னமும் சந்திக்கும் இடம் செங்குத்து மூலையாக இருக்கக் கூடாது. உருண்டு வளைந்து சேர வேண்டும். பட்டறைகளில் இதை ரேடியஸ் என்பார்கள். கிராங்க் வளையும்போதெல்லாம் அழுத்தம் திரளுவது அங்கேதான். வளைவு சிறுத்தால் அழுத்தம் பன்மடங்காகும். சாணைச் சக்கரத்தின் விளிம்பை வைரத்தால் உருட்டிச் சீவிய பிறகே ஒவ்வொரு ஜர்னலையும் கடைய வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். லாரி கிராங்குகள் வரிசையில் காத்திருக்கும் பட்டறையில் அந்த நேரம் எளிதில் கிடைப்பதில்லை. என்னுடையது திரும்பி வந்தபோது ஜர்னல்கள் கண்ணாடியாக மின்னின. மைக்ரோமீட்டர் அளவு நூல் பிசகாமல் இருந்தது. மூலையை நான் பார்க்கவில்லை.

பார்க்கும் வழி எளிது. 4 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் வழவழப்பான அடிப்பகுதியை மூலையில் கிடத்தி, பின்னால் விளக்கு பிடியுங்கள். வெளிச்சம் கசியாமல் பொருந்தினால் அங்கே 2 மில்லிமீட்டர் வளைவு இருக்கிறது. பிட்டுக்கும் மூலைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் வளைவு அதைவிடச் சிறியது என்று பொருள். கிராங்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கையேட்டில் உங்கள் எஞ்சினுக்குச் சொன்ன அளவு எதுவோ, அதற்கேற்ற பிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வளைவைத் தாராளமாக விட்டுவிட்டு, ஜர்னலைச் சுற்றி அமரும் மெல்லிய பேரிங் ஓட்டின் ஓரத்தைச் சீவாமல் பூட்டுவது. ஓட்டின் விளிம்பு வளைவின்மேல் ஏறி உட்கார்ந்து, முதல் 100 கிலோமீட்டரிலேயே சூடேறித் தேய்ந்துவிடும். எண்ணெய்த் துளையின் வாயும் கூர்மையாக நிற்கக் கூடாது. அதுவும் விரிசலின் பிறப்பிடம்தான்.

சரி, சுழற்சி வேகத்துக்கு வருவோம். இதற்கு மினி காரின் வேக வடிவமான மினி கூப்பர் எஸ்ஸைவிட நல்ல பாடம் கிடையாது. 1951-இல் ஆஸ்டின் ஏ30 காருக்காக 803 சிசியில் பிறந்து, பிறகு மினிக்கும் வந்த ஏ சீரிஸ் எஞ்சின், 1964-க்குள் 1275 சிசி வரை வளர்ந்தது. எத்தனை வளர்ந்தாலும், கிராங்கை எஞ்சின் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங் மூன்றுதான். கூப்பர் எஸ் மூன்று வடிவங்களில் வந்தது: 970, 1071, 1275. மூன்றுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே. மாறியது வீச்சு, அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே நகரும் தூரம் மட்டும். 970-இல் 61.9 மில்லிமீட்டர், 1275-இல் 81.3. இரண்டையும் நிமிடத்துக்கு 7500 சுற்று ஓட்டினால், முதலாவதில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15.5 மீட்டர், இரண்டாவதில் 20.3. ஆகவே 970 அந்தச் சுற்றில் சிரமமில்லாமல் பாடும்; 1275 அதே சுற்றில் கிராங்கைப் பிழிந்தெடுக்கும். 970-க்கு டியூன் செய்தவர் சொன்ன சுற்று எண்ணை 1275 வைத்திருப்பவர் அப்படியே எடுத்துக்கொள்வது அடிக்கடி பார்க்கும் பிழை.

விசையைக் கணக்கிட்டால் இன்னும் தெளிவாகும். 1275-இல் பிஸ்டன், பின், கனெக்டிங் ராடின் மேல்பாகம் எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். 6000 சுற்றில் பிஸ்டன் உச்சியைத் தொட்டுத் திரும்பும்போது அந்த அரைக் கிலோ ஏறக்குறைய ஒரு டன் பாரமாக ராடை இழுக்கிறது. 7500 சுற்றில் அது 1.6 டன். சுற்று கால்பங்குதான் கூடியது. இழுப்பு பாதிக்கு மேல் கூடிவிட்டது, ஏனென்றால் விசை சுற்றின் இருமடிப்படி ஏறுகிறது. எரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளும் வீச்சில் இந்த இழுப்பில் ஒரு பங்கு கழிந்துபோகும். புகை வெளியேறும் வீச்சின் உச்சியில் கழிக்க எதுவுமில்லை. அதனால்தான் டார்க்கை (முறுக்கு விசையை) கீழ்ச் சுற்றிலேயே கூட்டித் தரும் கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), கிராங்குக்குச் செய்யும் உபகாரம். எடை குறைந்த பிஸ்டன் அதைவிடப் பெரிய உபகாரம்.

இனி கிராங்கின் உடம்பைப் பார்க்கலாம். மெயின் பேரிங்கில் சுழலும் மெயின் ஜர்னலையும் பிக் எண்டு ஜர்னலையும் கிராங்கின் முனையிலிருந்து நேராகப் பார்த்தால் இரு வட்டங்களும் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இந்தப் படிவுதான் கன்னத்தின் வலு. கூப்பர் எஸ் 1275-இல் மெயின் 2 அங்குலம், பிக் எண்டு 1.625 அங்குலம், வீச்சு 3.2 அங்குலம். கணக்குப் போட்டால் படிவு 5.4 மில்லிமீட்டர்தான். இரு ஜர்னல்களையும் 0.030 அங்குலம் கடைந்துவிட்டால் அது 4.6 ஆகிவிடும். சாதாரணச் சாலை ஓட்டத்துக்கு அது போதும். பந்தயத்துக்குப் போகிற கிராங்கில் 0.010-ஐத் தாண்ட நான் சம்மதிக்க மாட்டேன். வீச்சைக் கூட்டுவதற்காகப் பிக் எண்டை மையம் விலக்கிக் கடைபவர்களும் இந்தப் படிவிலிருந்துதான் கடன் வாங்குகிறார்கள்.

கூப்பர் எஸ்ஸின் கிராங்க் இஎன்40பி என்ற உயர்வகை எஃகில் செய்து நைட்ரைடு செய்யப்பட்டது, அதாவது நைட்ரஜன் ஊட்டி மேல்தோல் கடினமாக்கப்பட்டது. பிற்காலச் சாதாரண 1275 கிராங்குகள் வேறு எஃகில், டஃப்ட்ரைடு என்ற மேற்பரப்புப் பதத்தோடு வந்தன. நைட்ரைடில் கடினத் தோல் மில்லிமீட்டரில் சில பத்திலொரு பங்கு ஆழம் இறங்கும். டஃப்ட்ரைடில் அது வெறும் மைக்ரான் கணக்கு, ஒருமுறை கடைந்தாலே காணாமல் போகும். கடைந்த பிறகு மீண்டும் அந்தப் பதத்துக்கு அனுப்பாமல் பூட்டுவது, அரிதாரம் கலைந்த பிறகும் ராஜா வேடம் நிற்கிறது என்று நினைப்பதைப்போல. நைட்ரைடு செய்த கிராங்க் வளைந்திருந்தால் அழுத்தி நிமிர்த்தவே கூடாது. கடினத் தோல் வளையாது, வெடிக்கும். பழைய கிராங்க் எதுவானாலும் காந்தத் துகள் சோதனையில் விரிசல் இல்லை என்று உறுதியான பிறகே ஒரு ரூபாயாவது செலவழியுங்கள். கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டி மணியோசை கேட்பது முதல் வடிகட்டிதான். நுண்விரிசல் அந்தச் சோதனையில் எளிதாகத் தப்பிவிடும்.

மூன்று மெயின் பேரிங் எஞ்சினில் ஒன்றாம் இரண்டாம் சிலிண்டர்களுக்கு நடுவே தாங்குவதற்கு எதுவுமில்லை. ஒன்று மேலே இழுக்க, மற்றொன்று கீழே இழுக்கும். நடு மெயினின் இருபுறமும் உள்ள இரண்டும் மூன்றும் ஒரே திசையில் இழுக்கும். நடு மெயின் மூடி நெளிவது இதனால். டியூன் செய்த 1275-களில் நடு மூடிக்கு எஃகுப் பட்டை போடுவார்கள். போட்டபின் துளையை மறுபடி நேர்க்கோட்டில் கடையாமல் விட்டால், பட்டை இருந்தும் பேரிங் கோணலாகவே உட்காரும். ஏ சீரிஸைவிடப் பெரிய பி சீரிஸ் எஞ்சினிலும் இதே கதைதான். 1962-இல் மூன்று மெயினோடு வந்த எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காருக்கு 1964 இறுதியில் ஐந்து மெயின் கொடுத்தார்கள். நம் அம்பாசடரில் ஓடிய 1489 சிசி எஞ்சின் அந்தக் குடும்பத்தின் மூன்று மெயின் கிளை. அதை எம்ஜிபியாக்கப் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எடை குறைக்கும் ஆசையில் கிராங்கின் முன்முனையில் உள்ள ரப்பர் டேம்பரைக் கழற்றிவிட்டு அலுமினியப் புல்லி மாட்டுகிறார்கள். கிராங்க் ஒரு முறுக்குக் கம்பியும்கூட. ஒவ்வொரு வெடிப்பிலும் முறுகி விடுபடும். அந்த நடுக்கத்தைத் தின்பதற்காகவே டேம்பர் இருக்கிறது. கழற்றாதவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது, ரப்பருக்கு அறுபது வயதாகியிருக்கலாம். உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். சில வாரத்தில் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் வளையம் வழுக்குகிறது. ஃப்ளைவீலைப் பொறுத்தவரை ஒன்றே சொல்வேன்: வார்ப்பிரும்பு ஃப்ளைவீலைக் கடைந்து மெலிதாக்காதீர்கள். எஃகில் வாங்குங்கள். மெலிந்த வார்ப்பிரும்பு உயர்சுற்றில் வெடித்தால், மினியில் அது உங்கள் முழங்காலிலிருந்து அதிகத் தூரத்தில் இல்லை.

பேலன்ஸ் செய்யக் கொடுக்கும்போது கிராங்கை மட்டும் கொடுக்கிறார்கள். ஃப்ளைவீல், கிளட்ச் மூடி, புல்லி எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்து, எது எந்த நிலையில் பூட்டப்பட்டது என்று குறியிட்டு வாங்க வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் மினி ஒரு தனி ரகம். கியர் பாக்ஸ் எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்பிலேயே குடியிருப்பதால் கியர் பல்லின் துகளும் கிராங்க் பேரிங்கும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. காந்த வடிகால் திருகும் நல்ல ஃபில்டரும் அங்கே ஆடம்பரமல்ல. எல்லா எஞ்சினுக்கும் பொதுவான தவறு வேறு. கிரைண்டிங் முடிந்து வந்த கிராங்கை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு அப்படியே பூட்டுகிறார்கள். உள் எண்ணெய்ப் பாதையின் அடைப்பான்களைக் கழற்றி, நீண்ட பிரஷ் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். வெளியே வருவது பழைய கசடும் சாணைப் பொடியும் கலந்த கரிய களிம்பு. முதல் ஸ்டார்ட்டில் அது நேராகப் பேரிங்குக்குத்தான் போகும். பேரிங் இடைவெளிக்குப் பழைய விதி இன்றும் செல்லும்: ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்திலொரு பங்கு. 2 அங்குல மெயினுக்கு 0.002 அங்குலம், அதாவது 0.05 மில்லிமீட்டர். இறுக்கமாக இருந்தால் நீடிக்கும் என்று 0.001-இல் பூட்டுவது ரேஸ் எஞ்சினை நெருப்பில் வைப்பதற்குச் சமம்.

டிரையம்ப் எஞ்சின்காரர்களுக்கு ஒன்று கூடுதலாக. ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபையரிலும், 1974 முதல் எம்ஜி மிட்ஜெட்டிலும் ஓடிய இந்தக் குடும்பத்தில், கிராங்க் முன்பின் நகராமல் தடுப்பவை பின் மெயினை ஒட்டிய அரைவட்ட வாஷர்கள் மட்டுமே. கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் தேய்வது அவைதான். கனமான பந்தயக் கிளட்ச் போட்டால் இரட்டிப்பு வேகத்தில் தேயும். தேய்ந்து மெலிந்த வாஷர் ஒருநாள் நழுவிச் சம்பில் விழும். அதன் பிறகு கிராங்க் உரசுவது பிளாக்கின் மீதே. பூட்டும்போது எண்ணெய்ப் பள்ளம் உள்ள பக்கம் கிராங்கைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இப்போது என் ஹெரால்டில் வேறொரு கிராங்க் ஓடுகிறது. மாதம் ஒருமுறை எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவரைக் கிளட்ச்சை மிதிக்கச் சொல்லி, முன் புல்லியில் டயல் கேஜை வைத்து, கிராங்க் முன்பின் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கிறேன். முள் 0.15 மில்லிமீட்டர் அளவில் நின்றால் மூடியைச் சாத்திவிட்டுக் கிளம்புகிறேன். போன மாதம் 0.2-ஐத் தொட்டது. சம்பைக் கழற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கியிருக்கிறேன்.