நுவரெலியாவின் வெள்ளைக்காரர் கிராமத்தைப் பார்க்கப் போவது எப்படி

முதல் விஷயம், ஏப்ரலில் போகாதீர்கள். சீசன் என்று பாதிக் கொழும்பு மலையேறி வந்துவிடும், அறை வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். பெப்ரவரியில் ஒரு வார நாளாகப் பார்த்துப் போங்கள், ஆனால் சுவெட்டர் இல்லாமல் வேண்டாம், ஊர் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

கோச்சியில், அதாவது ரயிலில் வந்தால் நானுஓயாவில் இறங்க வேண்டும், டவுனுக்குள் ஸ்டேஷன் கிடையாது. ஆட்டோக்காரர் சொல்லும் முதல் விலைக்குத் தலையாட்டாமல் மெயின் ரோட்டுக்கு நடந்தால் ஹட்டன், தலவாக்கலைப் பக்கமிருந்து வரும் பஸ் கிடைக்கும்.

டவுனில் எல்லோரும் செங்கல் தபால் நிலையத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு கிராமத்தைப் பார்த்துவிட்டோம் என்று திரும்பிவிடுகிறார்கள். கதை அதற்கு முந்தியது. 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் இந்தக் காட்டுக்குள் அசல் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றை உண்டாக்கியே தீருவேன் என்று ஆட்கள், கொல்லன், மாடு, ஆடு, வேட்டைநாய் வரைக்கும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். விதைத்த ஓட்ஸை மரை என்ற பெரிய மானும் காட்டுப்பன்றியும் தின்றன, உருளைக்கிழங்கைப் புழு தின்றது, மாடுகள் நோயில் செத்தன. 1855இல் மனுஷன் ஊரைவிட்டே போய்விட்டார். இன்று அதே மண்ணில் நம்மாட்கள் லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் போட்டு லொறி லொறியாக அனுப்புகிறார்கள், அதையும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

அப்புறம் 1852ஆம் ஆண்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயம். கல்லறைத் தோட்டத்தில் நிதானமாக நடந்து பெயர்களை வாசியுங்கள், எனக்கு டவுனிலேயே பிடித்த இடம் அதுதான். 1876இல் வெள்ளைக்காரத் துரைமார் தொடங்கிய ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாடு என்றால் ஆண்களுக்குக் கோட்டும் டையும் வேண்டும். இல்லாதவர்களுக்கு அங்கேயே இரவல் தருவார்கள். துரைமார் போன பின்னும் டை போகவில்லை! விக்டோரியா பூங்காவுக்குக் காலையிலேயே போனால் பறவைகள் கிடைக்கும், பகலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். கிரகரி வாவி, சும்மா ஒரு பிளேன்டீ குடிக்க.

காடு வேண்டுமானால் டவுனை ஒட்டியே கால்வேஸ் லேண்ட் இருக்கிறது, 30 ஹெக்டேருக்கும் குறைந்த குட்டித் தேசியப் பூங்கா. பெரிய காடு என்றால் ஹோர்ட்டன் சமவெளி. விடியுமுன்பே வேன் பிடித்துக் கிளம்புங்கள், பத்து மணிக்குமேல் உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பை மூடுபனி மூடிவிடும். சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் வரும், நல்ல சப்பாத்து போடுங்கள். வாசலில் பையைச் சோதித்துப் பொலித்தீனைப் பிடுங்கிவிடுவார்கள், அதனால் ரொட்டியும் சம்பலும் டப்பாவில் இருக்கட்டும். பாதையில் வரும் அருவிக்குப் பேக்கரின் பெயர்தான். வாகனம் நிறுத்துமிடத்தில் மரைகள் பக்கத்திலேயே வந்து நிற்கும், பாவமாகப் பார்க்கும். ஒன்றும் கொடுக்காதீர்கள். ஓட்ஸ் தின்ற வம்சம், ஒரு துண்டு ரொட்டி கொடுத்தால் பையையே இழுக்கும்.